ஐந்தொகையில் துண்டு விழுகிறது

“அதுக்குச் செலவு இல்லையேம்மா.”

இந்த மூன்று சொற்களை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மார்ச் மாதம், உலகச் சிறுநீரக நாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலி போட்டு, நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் உட்காரவைத்து, திரையில் படம் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து மிஷினில் ரத்தம் சுத்தம் செய்தால் எவ்வளவு செலவு, வீட்டிலேயே வயிற்றின் வழியாகத் திரவம் ஏற்றி இறக்கினால் எவ்வளவு செலவு என்று இரண்டு பத்தி. ஆஸ்பத்திரிப் பத்தியில் மிஷின், தண்ணீர், கரண்ட், டெக்னீஷியன் சம்பளம், நர்ஸ் சம்பளம். வீட்டுப் பத்தியில் பை, குழாய், மருந்து. நர்ஸ் சம்பளம் என்ற வரிக்கு நேரே வீட்டுப் பத்தியில் ஒரு சின்னக் கோடு.

கையைத் தூக்கினேன். “நர்ஸ் செய்யுற வேலையை வீட்ல யாரு சார் செய்யுறது?”

“வீட்ல இருக்கிறவங்கதாம்மா. நாங்க சொல்லிக் குடுத்துருவோம்.”

“அவங்களுக்கு என்ன போட்டிருக்கீங்க?”

அப்போது படம் காட்டியவர் சொன்னதுதான் அந்த வாக்கியம். அவர் கெட்டவரில்லை. பொறுமையாக, மரியாதையாகச் சொன்னார். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதுதான் என் வயிற்றைப் பிசைகிறது.

நான் பி.காம். படித்தவள். பதினான்கு வருஷம் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதினேன். தினம் சிட்டை, அதிலிருந்து பேரேடு, மார்ச் கடைசியில் ஐந்தொகை. நெல்லுக்கு மட்டுமா கணக்கு? சாக்குக்கு ஒரு வரி, சணலுக்கு ஒரு வரி, ஏற்றுகூலி, இறக்குகூலி. எலி தின்ற நெல்லுக்குக்கூடச் சேதாரம் என்று ஒரு வரி உண்டு. எலிக்குப் பற்று எழுதிய கை இது. என் ஆறு வருஷத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால் எப்படிப் பொறுப்பேன்?

2018 ஆவணியில் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. கொத்தனார் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் சுவரில் அவர் கரணை பட்டிருக்கிறது. கால் வீங்கியபோது வெயில் என்றார், வாந்தி வந்தபோது பித்தம் என்றார். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதற்குள் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன.

அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி. நாலரைக்கு எழுந்திருப்பேன். முதல்நாள் இரவே காய்கறியை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து வடித்துத்தான் சமைக்கணும். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும். ஐந்தேகாலுக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து எனக்கு அதில் டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் டவுன் பஸ் பாதி வழிதான் போகும். அங்கே இறங்கி வெளியூர் வண்டி பிடிக்கணும், இருவருக்கும் டிக்கெட். ஏழு மணிக்கு, ஊசிக்கென்றே அறுவை செய்து வைத்த ஃபிஸ்டுலா கையில் இரண்டு ஊசி ஏறும். நான்கு மணி நேரம் மிஷின் ஓடும். ரத்த அழுத்தம் இறங்கினால் ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் நீவிவிட ஒரு ஆள் வேண்டும். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். திரும்பி வீட்டுப் படி ஏறும்போது மூன்றரை ஆகும். அதற்குமேல் அவரால் முடியாது, படுத்துவிடுவார். எனக்கு அப்போதுதான் வீட்டு வேலை தொடங்கும்.

வாரத்துக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 156 நாள். நாளுக்குப் பதினோரு மணி நேரம். வருஷத்துக்கு 1,716. ஆறு வருஷம் முடிந்த அன்று சிட்டையை எடுத்துக் கூட்டினேன்: 10,296 மணி நேரம். நடுவில் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களை நான் சேர்க்கவில்லை. ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருந்ததைச் சேர்க்கவில்லை. மண்டி வேலையை 2019இல் விட்டேன். மாதம் 9,000 ரூபாய் சம்பளம். ஒரு பைசா ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வருஷத்தில் 5,40,000 ரூபாய். இதற்குத்தான் அந்தக் கோடு.

நன்றி கெட்டவள் என்று யாரும் என்னைச் சொல்லவேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் 2018 தீபாவளியைப் பார்த்திருக்கமாட்டார். மிஷினுக்கு நாங்கள் காசு கட்டியதில்லை. பணம் என்பது அளவோடு இருப்பது, அதை எங்கே போட்டால் அதிக உயிர் பிழைக்கும் என்று பார்த்துத்தான் போடணும் என்பதும் எனக்குத் தெரியும். கணக்கே போடாதீர்கள் என்று நான் சொல்வேனா? கணக்கால் சோறு தின்றவள் நான். போடுகிற கணக்கை முழுசாகப் போடுங்கள் என்றுதான் கதறுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஓர் ஆராய்ச்சிப் பெண் வார்டுக்கு வந்தாள். கையில் டேப்லெட். அக்கா, அண்ணா என்று அன்பாகப் பேசினாள். ஐந்து கேள்வி. நடமாட்டம் எப்படி, குளித்து உடுத்துவது எப்படி, அன்றாட வேலை எப்படி, வலியோ உபாதையோ உண்டா, கவலையோ மனச்சோர்வோ உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி, பிரச்சினை இல்லை என்பதிலிருந்து முடியவே இல்லை என்பது வரை. எல்லாமே ‘இன்றைக்கு’ எப்படி என்றுதான் கேட்கவேண்டுமாம். அவர் மிஷினில் கிடக்கிறார். இன்றைக்கு என்றால் எந்த இன்றைக்கு? மிஷின் நாளின் இன்றைக்கு வேறு, மறுநாளின் இன்றைக்கு வேறு, ஞாயிறும் திங்களும் இடைவெளி விழுந்து நெஞ்சில் நீர் கோத்து உட்கார்ந்தபடியே தூங்குகிற திங்கள் ராத்திரியின் இன்றைக்கு வேறு. அவர் எல்லாவற்றுக்கும் “கொஞ்சம்தாம்மா” என்றார். அவர் சுபாவம் அது. இடுப்பு ஒடிந்தாலும் கொஞ்சம்தான் என்பார்.

அவள் போனபிறகு மெதுவாகச் சொன்னார்: “தாகத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே புள்ள.”

நான் வெளியே போய் அழுதேன்.

தாகம். டயாலிசிஸ்காரர்களின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு சொல்தான். சிறுநீர் போவது நின்றுவிட்டது, அதனால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கும், நுரையீரலில் ஏறும். நாள் முழுதுக்கும் முக்கால் லிட்டர், அதில்தான் காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம். சித்திரை வெயிலில் சாரத்தில் நின்று சொம்பு சொம்பாகக் குடித்த மனுஷன், ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு அது கரையக் கரையக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் மகளும் அவர் எதிரில் தண்ணீர் குடிப்பதை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கொல்லைப்புறம் போய்க் குடிப்போம், திருடர்களைப்போல. அந்த ஐந்து கேள்வியில் தாகம் இல்லை. ஐந்து கேள்விக்கு ஐந்து படி என்றால் 3,125 விதமான உடல்நிலை வரும், அத்தனைக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றில்கூட ஒரு மனுஷன் தண்ணீருக்கு ஏங்குவது இல்லை. சிறுநீரக நோயாளிக்கென்று தனி வினாத்தாள் இருக்கிறது, அதில் தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் எல்லா நோயையும் ஒரே முழக்கோலால் அளக்க வேண்டியிருப்பதால் அரசுக் கணக்கு பெரும்பாலும் இந்த ஐந்து கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறது.

மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். அவளுடைய பேராசிரியரிடமிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இரவல் வாங்கி வந்தாள். மைக்கேல் டிரம்மண்டும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியது, 1987இல் முதலில் வந்தது, மருத்துவத் திட்டங்களைப் பொருளாதார ரீதியாக எடைபோடும் முறைகளைச் சொல்லும் புத்தகம். இந்தத் துறையில் உலகம் முழுக்க அதைத்தான் பாடமாகப் படிக்கிறார்களாம். ராத்திரி அவர் தூங்கியபிறகு அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், நான் மண்டி நோட்டில் எழுதிக்கொள்வேன். மூன்று மாதம் படித்தோம். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஐந்து கேள்வியின் பதிலை ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள். முழு ஆரோக்கியம் 1, சாவு 0. அந்த எண்ணால் வாழ்ந்த வருஷத்தைப் பெருக்கினால் வருவது தரம் சரிசெய்த வாழ்வாண்டு. ஒரு சிகிச்சையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் கூடுதல் செலவு எவ்வளவு, கூடுதலாகக் கிடைத்த அந்த வாழ்வாண்டு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு ஒரு வாழ்வாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று நீண்டகாலம் வரம்பு வைத்திருந்தது. நம் நாட்டில் 2017இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் இதற்கென ஓர் அமைப்பு வந்தது. இங்கே வரம்பு, நாட்டின் தலைக்குரிய ஓராண்டு உற்பத்தி. அதற்குள் இருந்தால் கட்டுபடியாகும்.

எந்த உடல்நிலைக்கு என்ன எண் என்று யார் சொன்னது? பொதுமக்களிடம் கேட்டு வாங்கியது. நம் நாட்டுக்கான எண்களை ஐந்து மாநிலங்களில் மக்களைச் சந்தித்துக் கேட்டு 2022இல் வெளியிட்டிருக்கிறார்கள். கேட்கும் முறை இப்படி: இந்த மாதிரிக் கஷ்டத்தோடு பத்து வருஷம் வாழ்வதும், கஷ்டமே இல்லாமல் சில வருஷம் மட்டும் வாழ்வதும் உங்களுக்குச் சமம் என்றால், அந்தச் சில வருஷம் எத்தனை? கஷ்டத்திலிருந்து தப்பிக்க எத்தனை வருஷத்தைக் கொடுத்துவிடுவீர்கள்? மிக மோசமான நிலைகளுக்குச் சுழியத்துக்குக் கீழே எண் விழுந்திருக்கிறது. அப்படி வாழ்வது சாவைவிடக் கீழ் என்று பொருள்.

எனக்கு மூச்சடைத்தது. கொடுத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னால் நல்ல உடம்புக்காரர் நாலு வருஷத்தைக் கொடுத்துவிடுவார். ஏன் கொடுக்கமாட்டார், கையிலிருந்து போகப்போவதில்லையே. என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். மகள் கல்யாணத்தைப் பார்க்கும்வரை ஒரு நாளைக்கூட விடமாட்டேன் என்பார். தாகத்தோடு, ஊசியோடு, சாய்ந்தே தூங்குகிற ராத்திரிகளோடு, அந்த நாள் அவருக்கு முழு நாள்.

இதைவிட என்னைப் புரட்டிப்போட்டது வேறொன்று. இந்தக் கணக்கு முறைக்கு வித்திட்டவர்கள் எங்கள் நோயை வைத்துத்தான் வித்திட்டார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் கிளார்மனும் வேறு இருவரும் 1968இல் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு எந்தச் சிகிச்சை கட்டுபடி என்று கணக்குப் போட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிற ஒரு வருஷம், டயாலிசிஸோடு வாழ்கிற ஒன்றேகால் வருஷத்துக்குச் சமம் என்று வைத்தார்கள். வாழ்வின் தரத்துக்கு எண் கொடுத்த முதல் கணக்குகளில் அது ஒன்று. அதற்கும் முன்னால் சியாட்டில் நகரம். பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் கையில் பொருத்தும் குழாயைக் கண்டுபிடித்தபிறகு நாள்பட்ட நோயாளியையும் பிழைக்கவைக்க முடிந்தது. மிஷின் கொஞ்சம், நோயாளி நிறைய. யாருக்கு மிஷின் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். 1962இல் ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. வருமானம் பார்த்தார்கள், கல்யாணமானவரா என்று பார்த்தார்கள், கோயிலுக்குப் போகிறவரா என்றுகூடப் பார்த்தார்கள். அந்த எழுவரில் ஓர் இல்லத்தரசியும் உட்கார்ந்திருந்தார். அது அநியாயம் என்று உலகம் சொன்னது. மனுஷர் மனசுப்படி தீர்ப்பு வேண்டாம், எண் வரட்டும் என்று பிறகு எண்ணுக்குப் போனோம். போகிற அவசரத்தில் அந்த இல்லத்தரசியை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்?

புத்தகம் நேர்மையான புத்தகம். கணக்கை யார் பார்வையில் போடுகிறாய் என்பதை முதலில் சொல் என்கிறது. ஆஸ்பத்திரியின் பார்வையா, அரசின் பார்வையா, சமூகத்தின் பார்வையா? பார்வை மாறினால் செலவு மாறும். முக்கியமான செலவு எல்லாவற்றையும் கண்டெடுத்தாயா, அளந்தாயா என்று கணக்காளனைக் குடைகிற பத்துக் கேள்வியும் அதில் உண்டு. படிக்கும்போது என் பழைய ஆடிட்டர் பேசுவதுபோல இருந்தது.

கூட இருப்பவரின் நேரத்தை எப்படி மதிப்பிடுவது என்ற இடத்துக்கு வந்தோம். ஒரு வழி, அந்த நேரத்தில் அவர் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. மண்டியில் இருந்தவரை எனக்கு 9,000 உண்டு. வேலையை விட்டபிறகு நான் யார்? வேலை இல்லாதவள். வேலை இல்லாதவளின் மணி நேரத்துக்குச் சந்தையில் விலை இல்லை. அவருக்காகத்தான் வேலையை விட்டேன், விட்டதாலேயே என் நேரம் மதிப்பிழந்தது. இன்னொரு வழி நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் 1990களில் கொண்டுவந்தது. ஒரு தொழிலாளி நோயில் விழுந்தால், அவர் இடத்துக்கு இன்னொருவர் வரும்வரைதான் நஷ்டம், வந்தபிறகு நஷ்டம் நின்றுவிட்டது என்று கணக்கு. அந்த வரியை மகள் வாசித்து முடித்ததும் நான் நோட்டை மூடிவிட்டேன். மேஸ்திரி பத்தே நாளில் வேறு கொத்தனாரைப் பிடித்துவிட்டார், உண்மைதான். சுவர் எழும்பிவிட்டது. எங்கள் வீட்டில் அவர் இடத்துக்கு யார் வந்தது? மண்டியில் என் நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான், என் நஷ்டம் அன்றைக்கு முடிந்துவிட்டதா?

எனக்கு விலை போடவே முடியாது என்று சொல்லாதீர்கள். கூலிக்கு ஓர் ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற வழியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் இருந்ததாகக் கருதி இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசே 2019இல் நேரக் கணக்கெடுப்பு நடத்தி, வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் 299 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகச் சொன்னது. நம் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதை உதவித்தொகை என்று சொல்லவில்லை, உரிமைத்தொகை என்றார்கள். கோர்ட்டுக்குத் தெரிகிறது. கணக்கெடுத்தவர்களுக்குத் தெரிகிறது. பஸ் மோதி நான் செத்தால் எனக்கு ஒரு தொகை எழுதுவார்கள். அதே பஸ்ஸில் உயிரோடு ஏறி வாரம் மூன்று நாள் போய்வந்தால் கோடு.

ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நோயால் போன உழைப்பை ரூபாயிலும் எழுதி, வாழ்வாண்டிலும் குறைத்தால் ஒரே நஷ்டத்தை இரண்டுமுறை எழுதியதாகும், ஆகவே விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். இரட்டைப் பதிவு தப்பு என்பதை எனக்குச் சொல்லித்தரவேண்டாம். அவருடைய உழைப்புக்கு அந்த வாதம் பொருந்தலாம், ஏனென்றால் அவர் உடல்நிலை அந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது. நான் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறேன்? ஐந்து கேள்வியை என்னிடம் யாராவது கேட்டார்களா? இந்த வார்டில் வைத்துத்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மயங்கி விழுந்தேன், குத்திப் பார்த்தார்கள். அவரைத் தாங்கித் தாங்கி இடுப்பு போயிற்று. என் கவலைக்கு எத்தனையாவது படி? ஒருமுறைகூட எழுதாத தொகை இரண்டாவது முறையாக எப்படி விழும்?

விதி இல்லாமலும் இல்லை. கவனித்துக்கொள்பவரின் உடல்நலனையும் பொருத்தமான இடத்தில் சேர்க்கலாம் என்று நைஸின் விதி சொல்கிறது. அமெரிக்காவில் 2016இல் அறிஞர் குழு ஒன்று தயாரித்த அட்டவணையில், சம்பளமில்லாமல் கவனிப்பவரின் நேரம் என்று தனி வரிசையே போட்டிருக்கிறார்கள். நம் நாட்டு வழிகாட்டியும் சமூகத்தின் பார்வையில் போடு, யார் தலையில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டு என்றுதான் சொல்கிறது. ஆனால் மகள் தேடி எடுத்துத் தந்த கட்டுரைகளில் ‘சுருக்கிய சமூகப் பார்வை’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. சுருக்கி மடித்த இடத்துக்குள் நான் இருந்தேன். வரிசை இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கிறது. காலிக் கட்டத்தைக் கூட்டலில் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறார்கள். அளக்கவில்லை என்று எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இது என் ஒருத்தியின் மானப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் பக்கத்துக் கட்டில்காரரைக் கேளுங்கள். கேட்கமுடியாது, அவர் இல்லை. அறுபது வயது, தென்னை மரம் ஏறியவர். மனைவி நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவரைக் கூட்டிவருகிற நாளில் அந்த அம்மாவுக்குக் கூலி இல்லை. மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. மிஷின் இலவசம், ஊசி இலவசம், படுக்கை காத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வரவில்லை. பிறகு அந்த அம்மா வாய்க்கால் கரையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார், ஆட்டோவில், மூச்சு முட்டிக்கொண்டு. வார்டு நோட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘நோயாளி வரவில்லை’. வாரம் மூன்றுமுறை வருவார் என்று எண்ணித்தானே அவருக்கு இத்தனை வாழ்வாண்டு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறீர்கள்? அவரைக் கொண்டுவந்து சேர்த்த இரண்டு கால்களைக் கணக்கில் எழுதாமல் அந்த வாழ்வாண்டு எங்கிருந்து வரும்? இது மனிதாபிமானத்தில் விழுந்த பிழை மட்டுமில்லை ஐயா, கூட்டலிலேயே விழுந்த பிழை.

வீட்டில் செய்யும் முறைக்கே வருகிறேன். அது நல்ல முறை என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். பஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர். மாதத்துக்கு 120 பை. கிட்டத்தட்ட 240 கிலோ. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாசல்வரை வந்துவிடுகிறது. வாசலிலிருந்து வயிறுவரை யார் கொண்டுபோவது? பெட்டியைத் தூக்கணும், கதவைச் சாத்தணும், மின்விசிறியை நிறுத்தணும், கையைத் தேய்த்துக் கழுவணும், முகக்கவசம் கட்டணும், இணைக்கணும், வடிக்கணும், கலங்கலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கணும். ஒருமுறை கை தவறினால் வயிற்றுக்குள் கிருமி. நர்ஸ் செய்தால் அதற்குப் பெயர் திறன், சம்பளம், பி.எஃப். நான் செய்தால் பாசம். நான் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை. கண்ணை விற்றாவது செய்வேன். ஆனால் செலவு மிச்சம் என்று திரையில் போடாதீர்கள். செலவு ஆஸ்பத்திரியின் பேரேட்டிலிருந்து என் முதுகுக்கு மாறியிருக்கிறது. மண்டியில் இப்படி ஒரு கணக்கிலிருந்து தூக்கி, எழுதப்படாத கணக்கில் போட்டால் அதற்கு வேறு பெயர். முதலாளி போலீஸைக் கூப்பிடுவார்.

தாய்லாந்தில் நடந்ததைப் படித்தேன். அங்கே எல்லாருக்குமான மருத்துவத் திட்டம் 2002இல் வந்தபோது டயாலிசிஸ் அதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மிஷின் முறையும் வரம்புக்கு மேலே போயிற்று, வயிற்று முறையும் மேலே போயிற்று. எண் சொன்னபடி விட்டிருந்தால் கதவு சாத்தியது சாத்தியதுதான். நோயாளிகள் விடவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் போனால் நிலம், வீடு, பிள்ளை படிப்பு எல்லாம் போகிறது என்பதை அரசு பார்த்தது. எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு 2008இல் சேர்த்தது, முதலில் வயிற்று முறைதான் என்ற நிபந்தனையோடு. மிஷின்தான் வேண்டும் என்பவர் சொந்தக் காசில் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2022இல்தான் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். ஓர் அரசால் எண்ணுக்கு அப்பால் பார்க்க முடிந்திருக்கிறது. அந்தப் பதினான்கு வருஷமும் தாய்லாந்து வீடுகளில் கதவைச் சாத்தி, கையைக் கழுவி, பையை மாட்டியவர்களின் மணி நேரத்தை யாராவது கூட்டிவைத்திருப்பார்களா என்று நினைத்தபடியே அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன்.

அந்த ஆராய்ச்சிப் பெண்ணைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். கோபமாகப் பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முடியவில்லை. “தாகத்தைக் கேளும்மா. கூட வந்தவங்களைக் கேளும்மா. நாங்க இங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கோம், நாலு மணி நேரம், எங்கயும் ஓடிப்போகல” என்றேன். கத்திவிட்டேன்போல. மிஷினில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. “கேள்வித்தாள்ல அது இல்லக்கா, என்னால சேக்க முடியாது” என்றாள். அவளைக் குத்திப் பயனில்லை. அவளும் ஒப்பந்தச் சம்பளத்தில் அலைகிறவள்.

மேலே உட்கார்ந்து அந்தக் கேள்வித்தாளைத் தீர்மானிப்பவர்களுக்குச் சொல்கிறேன். என்னிடம் கணக்கு இருக்கிறது. 2018 ஆவணியிலிருந்து ஒரு நாள் விடாமல் சிட்டை எழுதியிருக்கிறேன். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனைக்குத் திரும்பினோம், பஸ்ஸுக்கு எவ்வளவு, டீக்கு எவ்வளவு, போகும்போது எடை, வரும்போது எடை, எத்தனை முறை கால் இழுத்தது, அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு கேட்டார். நாலு நோட்டு நிரம்பி ஐந்தாவது ஓடுகிறது. வாங்கிப் பாருங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இன்றைக்கு வெள்ளி. காய் நறுக்கி ஊறவைத்துவிட்டேன். அவர் சாய்ந்தபடியே தூங்குகிறார், டம்ளரில் இன்னும் இரண்டு வாய் தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறார், நடுராத்திரிக்கு. நாளைய தேதியைச் சிட்டையில் எழுதி, புறப்பட்ட நேரம் என்ற கட்டத்தில் 5.15 என்று இப்போதே போட்டுவிட்டேன். வந்து சேர்ந்த நேரத்தை நாளைக்கு எழுதணும்.